கொட்டகலை வீட்டை நான் விற்ற விதம்

வீடு விற்பதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. நானாக வாயைத் திறந்தாலும், "நீங்க சும்மா இருங்க" என்று மனைவி அடக்கிவிடுவாள். அதில் நியாயம் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. நுவரெலியாவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டகலை பஜாருக்குப் பின்னால், ரயில் பாதைக்குக் கீழே எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. மழைக்காலத்தில் அதன் பின்சுவர் வியர்க்கும், அப்பா இருமுவார். பிறகு சுவர் காய்ந்துவிடும், அப்பா நிறுத்தமாட்டார். இன்னொரு மழையை இந்த ஈரத்தில் கழித்தால் நெஞ்சு தாங்காது, சூடான ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்தளையில் மாமா ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். மாத முடிவுக்குள் எங்கள் வீடு விலைபோனால்தான் அது கிடைக்கும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

நுவரெலியா மார்க்கெட்டில் கோவா, லீக்ஸ் என்று காய்கறி விற்கும் மாணிக்கம் முதலாளி, புதன்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். வீட்டை எப்படிக் காட்டுவது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! லிந்துலைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாவை ஆட்களுக்குக் காட்டினார். கடைச் சாமான் கொடுக்கப் போன நான் அதைப் பார்த்திருந்தேன். அறைகள் காலியாக இருந்தன. நாற்காலிகள் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அதையே கொட்டகலையில் செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

கண்ணு பட்டுவிடும் என்று விஷயத்தை அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை டோபியிடம் போய் ஏழெட்டு வெள்ளை வேட்டி கேட்டேன். வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். விசேஷமெல்லாம் இல்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார். "ரொம்ப முடியல" என்றேன். (பொய் இல்லை.)

புதன்கிழமை காலை வீட்டைக் காலி செய்தேன். கட்டில், அலமாரி, சாமிப்படம் எல்லாம் கொல்லைப்புறத்துக்குப் போயின. அறைகளை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கோயிலிலிருந்து நான்கு பெஞ்சுகளைத் தூக்கி வந்து வாசலில் போட்டு, வெள்ளை வேட்டிகளை விரித்தேன். மிச்சம் இருந்த ஒரே தொல்லை அப்பாவின் இருமல். சுவரின் ஈரத்தை அது காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அவரைப் பின்னறையில் பாயில் படுக்க வைத்து, கம்பளியைத் தலையோடு போர்த்தி, முதலாளி போகும்வரை மூச்சுவிடக் கூடாது என்றேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்த அம்மா, கூந்தலை விரித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன் கையால் மெழுகிய வீடு கைமாறுகிறதே என்ற வருத்தம் அவளுக்கு.

எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், கழுவிய வீட்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

"காலையில கூட இருமுனாரே" என்று ஆரம்பித்தது ஒப்பாரி.

அம்மா விளக்கம் சொல்லப் பார்த்தாள். ஆனால் யாராவது கட்டிக்கொண்டு அழுதால் அம்மாவால் பேச முடியாது, அழத்தான் முடியும். அரைமணி நேரத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் முழுவதும் வந்துவிட்டார்கள். அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த பெண்கள் இருபது பேராவது இருக்கும். சாவுக்கு அடிக்கும் தப்பும் வந்தது. நான் ஒவ்வொருவரிடமும் போய், அப்பா சாகவில்லை என்று சொன்னேன். பாவம், பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பத்து மணிக்கு மாணிக்கம் முதலாளி வந்தார். குடையை மடக்கினார், செருப்பைக் கழற்றினார். யாரோ அவரை என் பெஞ்சில், என் வெள்ளை வேட்டிமேல் உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுத்தார்கள். வீட்டு விஷயத்தை அப்புறம் பேசலாம் என்று என் தோளைத் தட்டினார்.

அப்பா நான் சொன்னபடி அசையாமல்தான் கிடந்தார். ஆனால் பாக்கியம் அக்காவின் ஒப்பாரி அவருடைய ஈகை, இரக்கம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, "எங்க ஏணிய வாங்கிட்டுப் போனவரே, இனி யாரு திருப்பித் தருவா" என்ற கட்டத்துக்கு வந்தது. கம்பளியோடு அப்பா வாசலில் வந்து நின்றார்.

"ஏணிய நான் போன மாசமே குடுத்துட்டேன் பாக்கியம்" என்றார். பிறகு, அதுவரை அடக்கிய இருமல் மொத்தத்தையும் இருமித் தீர்த்தார்.

தப்பு அடித்தவர்கள் வேலி தாண்டிய வேகத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. முதலாளியின் பிளேன்டீ வேட்டியில் கொட்டியது. சத்தம் அடங்கியதும் அப்பா முதலாளியை உள்ளே கூட்டிப்போய், ஈரச்சுவரைத் தட்டிக் காட்டி, எந்த மாதத்தில் எங்கே வியர்க்கும் என்பதுவரை விளக்கினார். எல்லாம் முடிந்தது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி சுவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் சிரித்துக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும் நின்ற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவுத்தப் பூசிக்கலாங்க. நுவரெலியாவுல நான் செத்தா, கடைய சாத்திட்டு வர நாலு பேரு தேற மாட்டாங்க. இந்த வீட்ட நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

மாத்தளைச் சூட்டில் அப்பா இன்னும் பதினொரு வருடம் இருந்தார். இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பெஞ்சை வாசலுக்குத் தூக்கினால், "யாருக்கு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

அப்பா இறந்த அன்று கொட்டகலைக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் பாக்கியம் அக்காவின் கணவர் மட்டும் வந்து சேர்ந்தார். நேரே உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தபால் கந்தோர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"நெசந்தான்னு ஒரு தந்தி அடிக்கணும் தம்பி. அங்க எல்லாரும் லொறியில ஏறி ஒக்காந்துருக்காங்க."