சாப்பாட்டு நேரத்துக்கு வந்த அதிகாரி

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு வரை படிக்கும், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குச் சீருடை விலையில்லாமல் கொடுக்கப்பட வேண்டும். விதி இவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற நான், இதை ஏழெட்டு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ‘உண்ணும்’ என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்விட்டேன்.

பணியில் இருந்தபோது, ஒரு சொல் குறைந்தால் மனுவைத் திருப்பி அனுப்பியவள் நான். ‘ஐயா’ இருந்து ‘அம்மா’ இல்லையென்றாலும் அனுப்பியிருக்கிறேன். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.) அப்படித் திரும்பிப் போன அத்தனை பேரின் சாபமும் ஒன்றாகத் திரண்டு, ஒரு வியாழக்கிழமை மதியம் என் தலையில் இறங்கியது.

விம்கோ நகரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் போர்ஷன். அதில் ஏழுமலையும் அவருடைய மகள் தேவியும் குடியிருக்கிறார்கள். ஏழுமலைக்குச் சொந்த ஊர் நெட்டுக்குப்பம். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், மீன் கிடைப்பது குறைந்த பிறகு கன்டெய்னர் யார்டில் தினக்கூலிக்குப் போகிறார். மனைவி பிரிந்து போய் நான்கு வருடம் ஆகிறது. பெண்கள் வேலை என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகளில், பேன் பார்ப்பது முதல் இரட்டைச் சடை போடுவது வரை எல்லாவற்றையும் இந்த நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டார். சமையல் மட்டும் முன்பே தெரியும். தெரியும் என்பது குறைத்துச் சொல்வது. மாடியில் மீன் குழம்பு கொதித்தால், கீழே தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்கு என் வாழ்க்கையின் மீதே வெறுப்பு வரும். வேலைக்குக் கிளம்புமுன் மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிடுவார். அவருடைய ஒரே கர்வம் அந்த டிபன் பாக்ஸ்தான்.

அந்த ஜூன் மாதம் தேவி ஐந்து முடித்து, திருவொற்றியூரில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆறாம் வகுப்புக்குச் சீருடையின் நிறமே வேறு. பழையது நிறத்திலும் ஒத்துவரவில்லை, உயரத்திலும் ஒத்துவரவில்லை. சீருடை இல்லாத பிள்ளைகளைக் காலைப் பிரார்த்தனையில் தனி வரிசையில் நிறுத்தினார்கள். முதலில் ஐந்து பேர் நின்றார்கள், பிறகு மூன்று பேர், கடைசியில் தேவி மட்டும். ஒரே ஆள் நின்றால் அதற்கு வரிசை என்று பெயர் கிடையாது. அதற்குத் தண்டனை என்று பெயர்.

ஒருநாள் சாயங்காலம் பையை என் வாசலில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

“பெரிம்மா, திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்பாலயும் நான் மட்டும் தனியா நிக்கணும்னா, ராணிக்கா கூட எறா உரிக்கப் போய்ருவேன். அங்க இன்னா கலர்ல போனாலும் உள்ள வுடுவாங்க.”

பதினோரு வயது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இறால் உரிக்கும் கொட்டகைக்கு ‘ரெண்டு நாள்’ என்று போன பெண்கள் எங்கள் தெருவிலேயே இருவர் இருந்தார்கள். இருவரும் பள்ளிக்குத் திரும்பவில்லை.

இரவு ஏழுமலை வந்ததும் சீருடைப் பேச்சை மட்டும் எடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். “எங்கனா கைமாத்து வாங்கி, கடைல எடுத்துத் தெச்சிரலாமா ஆபீசரம்மா? ஒரு வாரக் கூலி அதுக்கே போய்டும். வூட்ல அரிசி வாங்கணும். அதான் பேஜாரா கீது.”

என் ஓய்வூதியத்தில் நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். தோன்றவும் செய்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கும்போது கடையில் காசு கொடுத்து வாங்குவதா? அது விதியை அவமதிப்பது அல்லவா?

“உரிமையை விலை கொடுத்து வாங்கக் கூடாது ஏழுமலை. மனு போடுவோம்” என்றேன். சொல்லும்போது எனக்கே சிலிர்த்தது.

மூன்று பக்க மனு. ஐந்து இணைப்புகள். நான்கு மேலதிகாரிகளுக்கு நகல். கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஏழுமலையிடம் நீட்டினேன்.

அவர் கட்டைத் தூக்கிப் பார்த்தார். “இத்தினி பேப்பரா? இத்தயே சேத்துத் தெச்சா ஒரு பாவாட வரும் போலகீதே!”

“போடுப்பா கையெழுத்தை.”

ஐந்தாவது இணைப்பு என் சொந்தக் கற்பனை. யாரும் கேட்கவில்லை. படிக்கும் அதிகாரியின் மனம் உருக வேண்டும் என்று, தந்தையின் உறுதிமொழியாக நானே எழுதியது. ‘தாயில்லாக் குறை தெரியாமல், என் மகளுக்கு மதிய உணவைத் தினமும் என் கையாலேயே சமைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.’ எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. (அலுவலகக் கடிதத்துக்கு நான் கண் கலங்கியது அதுதான் முதலும் கடைசியும்.) சத்துணவு உண்ணும் பிள்ளைக்குத்தான் சீருடை. இந்தப் பிள்ளை சத்துணவு உண்பதில்லை என்று முத்திரை வைக்காத குறையாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

தேவியிடம் பத்து நாள் அவகாசம் வாங்கினேன். “பத்து நாளா? சரி. பதினொண்ணாவது நாள் எறாதான்” என்றாள்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஏழுமலைக்கு யார்டில் விடுப்பு கிடைக்காததால் நான் போனேன். தலைமை ஆசிரியை எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே இரண்டு செட் சீருடை. மேலே ஒரு சீட்டில் ‘தேவி, 6’ என்று எழுதிக் குத்தியிருந்தது.

“பாருங்கம்மா. அவ அளவு பாத்து எடுத்து வெச்சது. சத்துணவு ரிஜிஸ்டர்ல பேர் இல்ல, அதான் ஒரே தடை. அப்பா வந்து ‘என் பொண்ணு இங்க சாப்பிடும்’னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். டைரில மூணு தடவ எழுதினேனே, நேர்ல வரச் சொல்லி?”

எழுதியிருந்தார். அந்த டைரியைச் சாயங்காலங்களில் ஏழுமலைக்குப் படித்துக் காட்டுபவள் நான்தான். ‘காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்காமல் நேரில் அழைப்பது முறையில்லை, போகாதே’ என்று தடுத்தவளும் நான்தான்.

“சரி, இப்போது எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறேன்” என்றேன், குரல் இறங்கி.

“பேர சேத்துடலாம். ஆனா துணிய இப்ப எப்படிம்மா குடுக்கறது? இவ வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடறான்னு நீங்களே மேல எழுதிட்டீங்க. விசாரணைக்கு ஆள் வர்றாங்க. மனு நிலுவைல இருக்கும்போது நான் தொடலாமா? உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நிலுவையில் இருக்கும் விஷயத்தில் கை வைக்காதே என்று எத்தனை இளநிலை உதவியாளர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! பீரோ என் கண்முன்னால் மூடிக்கொண்டது. நான் மனுவே போடாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால், தேவி அன்று புதுச் சீருடையில் இருந்திருப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை தேவியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று முதல் பள்ளியிலேயே சாப்பிட்டாள். வியாழக்கிழமை மதியம், பிள்ளை உண்மையிலேயே சத்துணவு உண்கிறாளா என்று நேரில் பார்க்க அதிகாரி வருவார் என்று தகவல். தேவி விதித்த கெடுவில் பதினொன்றாம் நாளும் அதே வியாழன்தான்.

புதன்கிழமை ஏழுமலையிடம் தெளிவாகச் சொன்னேன். “நாளைக்கு அதிகாரி சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறார். நீ வேலைக்குப் போ. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“சாப்பாட்டு நேரத்துக்கா?” என்றார். அவர் முகத்தில் ஒரு பொறுப்புணர்ச்சி படர்ந்தது. அதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை. நீளமான வராந்தாவில் பிள்ளைகள் தட்டுடன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலவை சாதமும் முட்டையும். அதிகாரி இளைஞர், ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் கோப்பு. கோப்பில் என் மூன்று பக்கமும் ஐந்து இணைப்பும் இருந்தன. தேவியின் எதிரில் குனிந்து, “தினமும் இங்கதான் சாப்பிடறியாம்மா?” என்று கேட்டார். அவள் வாயில் முட்டை. பதில் சொல்ல ஒரு நொடி ஆனது.

அந்த ஒரு நொடியில் கேட் திறந்தது. விசேஷங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில், கையில் நான்கு அடுக்குக் கேரியருடன் ஏழுமலை.

“வணக்கம் சார்! கொஞ்சம் லேட்டாய்ச்சி, மன்னிச்சிக்கோங்க. நல்ல சுறா இப்பதான் கெடச்சிது. சுறாப்புட்டு கீது, நண்டுத் தொக்கு கீது, சங்கரா வறுத்துக் கீது. குந்துங்க சார்.”

“யாருக்குங்க இதெல்லாம்?”

“உங்களுக்குத்தான் சார்! சாப்பாட்டு நேரத்துக்கு வர்றீங்கன்னு ஆபீசரம்மாதான் சொன்னாங்க.”

அதிகாரி, தலைமை ஆசிரியை, சத்துணவு அமைப்பாளர், இருநூறு பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விசாரணை அதிகாரிக்கு விருந்து வைப்பதற்கு எந்த விதியின் கீழ் என்ன நடவடிக்கை என்பது எனக்கு மனப்பாடம். கண்ணால் ஏழுமலைக்கு ஜாடை காட்டினேன். அவர் அதை ‘இன்னும் எடுத்துச் சொல்’ என்று எடுத்துக்கொண்டார்.

“சும்மா இல்ல சார், என் கைப்பக்குவம் எப்டின்னு எம்பொண்ணாண்ட கேளுங்க. டெய்லி இதான் துன்னுது. வேற எத்தயும் வாயில வைக்காது!”

ஐந்தாவது இணைப்பு இப்போது நேரடிச் சாட்சியத்தாலும் உறுதியாகிவிட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

தேவி தட்டோடு எழுந்து நின்றாள்.

“சார், எங்கப்பாக்கு ஒண்ணும் தெரியாது சார். காலைல அது செஞ்சத துன்றேன். மத்தியானம் இங்க துன்றேன். நாலு நாளா துன்னுகினு கீறேன், ஆயாம்மாவ கேளுங்க. இங்க துன்னாதான் டிரெஸ்ஸுன்னாங்க, துன்றேன். இப்ப வூட்ல துன்னா டிரெஸ்ஸு இல்லன்னா, நான் எங்கதான் சார் துன்றது?” கையிலிருந்த தட்டை அவர் பக்கம் நீட்டினாள். “எனக்குத் தனியா நிக்க முடியல சார்.”

ஏழுமலையின் கையில் கேரியர் மெல்ல இறங்கியது. மகள் தனியாக நின்ற கதையை அவள் அவரிடம் அதுவரை சொல்லவே இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். பிறகு மூடினார். “ரூல்ல ‘உண்ணும்’னுதான் இருக்கு மேடம். ‘மட்டும் உண்ணும்’னு இல்ல. வீட்ல மீன் சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. பேர் இருக்கு, தட்டு இருக்கு, நான் கண்ணால பாத்துட்டேன். குடுத்துடுங்க.”

முப்பத்து மூன்று வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றாத வகை வாதம். ஒரு சொல்லை வைத்துத் திருப்பி அனுப்பத்தான் எனக்குத் தெரியும். இல்லாத சொல்லை வைத்துக் கொடுக்கலாம் என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டிருந்தான்.

“சார், அப்ப ஒரு வாய்...” என்று ஏழுமலை ஆரம்பித்தார்.

“வேணாங்க. இன்னைக்கு வியாழக்கிழமை. நான் கவுச்சி தொடமாட்டேன்” என்றார் அதிகாரி. கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை கேரியரைத் திரும்பிப் பார்த்தார். கேரியர் காலியாகத்தான் வீடு திரும்பியது. எப்படிக் காலியானது என்பதற்குப் பள்ளியில் எந்தப் பதிவேட்டிலும் குறிப்பில்லை. தலைமை ஆசிரியையின் விரல்களில் மட்டும் நண்டு வாசனை அடித்ததாகத் தேவி சொல்கிறாள்.

மறுநாள் காலை, பால் வாங்கும் சாக்கில் பள்ளிச் சுவரோரம் போய் நின்றேன். பால் எங்கள் தெரு முனையிலேயே கிடைக்கும் என்பது வேறு விஷயம். பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. தனி வரிசை இருந்த இடத்தில் யாரும் இல்லை. ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான முதுகுகள். தேவி எங்கே என்று வரிசை வரிசையாகத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் யாரையும் தேடித் தோற்றதில்லை.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு யாராவது மதியம் வருவதாகச் சொன்னால் மாடியிலிருந்து கேள்வி வரும். “ஆபீசரம்மா, சாப்பாட்டு நேரத்துக்கா, சாப்புடறதுக்கா? கரெக்டா சொல்லிடுங்க, சுறா விக்கிற வெலைக்கு!” என் தங்கை மாப்பிள்ளைவரை இந்தக் கதை போய்விட்டது. அவர் போனில் ‘ஹலோ’வுக்குப் பதிலாக இதைத்தான் கேட்கிறார்.

மனுவுக்கும் ஒருநாள் பதில் வந்தது. தேவி இரண்டு முறை மடிப்புப் பிரித்து நீளமாக்கிய அதே சீருடையில் படியில் உட்கார்ந்து, சத்தமாகப் படித்தாள். ‘மாணவி சத்துணவு உண்பதில்லை என மனுதாரரே இணைப்பு ஐந்தில் தெரிவித்துள்ளதால், சீருடை கோரும் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.’

ஏழுமலை பதறிப்போனார். “இன்னாது? துணியத் திருப்பிக் கேப்பாங்களா?”

“கேட்க முடியாது. இதற்கு மேல்முறையீடு இருக்கிறது. மூன்றே பக்கத்தில்...” என்று பேனாவை எடுத்தேன்.

தேவி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “பெரிம்மா, நீ சும்மா கெட. நான் எட்டாவது பாஸாவற வரிக்கும் நீ எத்தயும் எழுதக் கூடாது.”

வந்து சேர்ந்த தேதியை மட்டுமாவது குறித்துக்கொள்கிறேன், அது அடிப்படை நடைமுறை என்று கெஞ்சினேன். யோசித்து, பேனாவைக் கொடுத்து, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றாள். உறையின் மேல் எழுதினேன்: ஜூன் மாத மனுவுக்குப் பதில் வந்த நாள், மார்ச் முப்பத்தொன்று.