பீரங்கி சாரின் இடதுகைத் துப்பாக்கி

"பிப்ரவரி, மூன்றாம் சனிக்கிழமை, மதியம் ஒன்று முப்பத்தைந்து. வந்திருந்த பதினொரு பேரும் துப்பாக்கி வாங்கச் சம்மதித்தனர். பிறகு பாயசம் பரிமாறப்பட்டது."

என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கும் பதிவு. இதில் பாயசத்தைத் தவிர எதுவும் உண்மையில்லை.

குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்ளும் ஒருவர் துப்பாக்கி வடிவமைத்தது உலகத்தில் ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கும். அது டெக்சாஸில், எங்கள் இர்விங் ஊர் அபார்ட்மெண்டில் நடந்தது. பக்கத்து லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் ஏசிக்கு வால்வு வரைகிற வேலையில் இருந்த அவரை நாங்கள் பீரங்கி சார் என்போம்.

அவர் இடதுகைக்காரர். வேட்டைத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ளும் கைப்பிடி பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பது அவருக்குச் சொந்த அவமானம். இடதுகைக்காரர்களுக்கென்று கடையில் கிடைப்பவையும் வலதுகைக்காரன் கண்ணாடியைப் பார்த்து வரைந்தவை என்பார். இவருடையது முதல் கோட்டிலிருந்தே இடது. கடைசி ஸ்க்ரூ வரை டெக்சாஸிலேயே செய்யப்படும். அதுவரை இருந்ததென்னவோ மரத்தில் செய்த ஒரு துப்பாக்கிப் பொம்மைதான்.

விற்குமா? அதற்கும் வழி வைத்திருந்தார். கூப்பன் இல்லாமல் கத்தரிக்காய்கூட வாங்காத நம்மாட்களே வாங்கினால் டெக்சாஸ் மொத்தமும் வாங்கும் என்பது அவர் சித்தாந்தம். ஆனால் நம்மவரில் இடதுகைக்காரரைப் பந்தியில் கண்டுபிடிக்க முடியாது. அம்மாக்கள் அடித்து எல்லோரையும் வலதுகையில் சாப்பிடப் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பதிவு மேசையருகே மூன்று மணி நேரம் நின்று, யார் எந்தக் கையால் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தார். பதினொரு பேர் தேறினார்கள். அவர்களுக்குத் தன் கையாலேயே சாம்பார் வைத்து விருந்து போட்டார். எல்லோரும் சோறு சாப்பிட்டு முடித்த பிறகு பொம்மையைக் காட்டி, வாங்குவீர்களா என்று கேட்டார். குறிப்பெடுக்க நான்.

முடிவைத்தான் மேலே பார்த்தீர்கள்.

ஞாயிறு காலை அவர் மனைவி கலா அக்கா என் கதவைத் தட்டினார். துப்பாக்கித் தொழிலில் இறங்க நாளைக்கு சார் வேலையை ரிசைன் செய்யப் போகிறாராம். அக்காவுக்கு மே மாதம் முட்டி ஆபரேஷன். இன்சூரன்ஸோ சாரின் வேலையோடு வந்தது, வேலை போனால் அதுவும் போகும். ஆறு மாதமாக அவர் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குவதை நான் தினமும் பார்க்கிறேன்.

"நீங்க எழுதினதைத்தான் தம்பி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கார். நீங்களே கேட்டு சொல்லுங்க, நிஜமாவே வாங்குவாங்களா?"

பதினொரு பேருக்கும் போன் செய்தேன். முதலில் எடுத்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர்.

"சோறு போட்ட வீட்டில வேண்டாமெண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?"

மற்றவர்களும் வெவ்வேறு ஊர்த் தமிழில் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கட்டாயம் வாங்குவேன் என்றார். மகிழ்ந்துபோய் விசாரித்தால், பொங்கலன்று வலதுகையில் கட்டு. அதனால்தான் இடதுகையால் கையெழுத்தாம்.

மாலை நாலு மணிக்கு சாரிடம் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் பதிவு தவறு என்பதையும் சேர்த்து. மரப்பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அக்கா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"அப்போ மார்க்கெட் இல்ல."

"இல்ல சார்."

"சாம்பார் நல்லா இருக்குன்னாங்களே, அதுவும் பொய்யா?"

"அது நிஜம் சார். போன்லயே நாலு பேர் ரெசிபி கேட்டாங்க."

நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. அடுத்தது சுட்டு டெஸ்ட் பண்ண ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகணுமேன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லப்பா."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்த முட்டியோடு அவரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ராஜினாமாக் கடிதத்தை சாரின் லஞ்ச் பையில் பார்த்ததாக அக்கா சொல்கிறார். அப்படியொன்றை எழுதவேயில்லை என்கிறார் சார். நான் பார்க்கவில்லை, ஆகவே உறுதி செய்யப்படாதது என்றே குறித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அவர் வேலைக்குக் கிளம்பியதற்கு மட்டும் நானே சாட்சி. கார் ஃப்ரீவே பக்கம் திரும்பும்வரை பால்கனியில் நின்றிருந்தேன்.