வோல்டேஜ் அக்கா வெட்டிய கேபிள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரம் பயந்து நடந்தது ஒரே ஒரு மனுஷிக்குத்தான். அவர் வோல்டேஜ் அக்கா. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு ஒன்றுமில்லை. உண்மைப் பெயரைக் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைமாடியில் எங்கள் கம்பெனி. பாஸ் விற்பார், அக்கா செய்வார், நான் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சரக்கு என்னவென்றால், ஆய்வுக்கூடக் கருவிகளுக்கான உயர் அழுத்த மின் கேபிள். அதன் முனையில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் கனெக்டர். அதற்குள் சில ஆயிரம் வோல்ட் ஓடும். "டிவிக்குப் பின்னால சொருகுவோமே, அதுவா?" என்று கேட்பவனைக் கண்டாலே எனக்கு எரியும். அது இல்லை. இதற்குள் கம்பியையும் வெளிக்கூட்டையும் பிரித்து வைப்பது ஒரு வெள்ளை பிளாஸ்டிக். அதில் விரல் அழுக்கு பட்டால் மின்சாரம் அதன் மேலேயே ஊர்ந்து கசியும். பிறகு ஒரு நாள் பொறி பறக்கும். கருவி போகும், பக்கத்தில் இருந்தால் ஆளும் போவான்.

அதனால் அக்கா காலையில் வாசலில் நின்று எல்லார் கையையும் மோந்து பார்ப்பார். கோயில் தரிசன வரிசை மாதிரி நாங்கள் நிற்போம்.

"சம்பால் மிளகாய் வாடை. போய் கழுவு."

"கழுவிட்டேன்கா."

"உன் கை சொல்லுது, நீ சொல்லாத. போ லா."

வரி அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கையையும் மோந்தார். அந்த மனுஷன் ஏதோ சட்டம் என்று நினைத்துக் கழுவிவிட்டே உட்கார்ந்தார்.

ஒருமுறை பாஸ் எண்ணெய் வடியும் பீசாங் கோரேங் பஜ்ஜியைத் தின்றுகொண்டே அக்காவின் வேலை மேசைப் பக்கம் வந்து ஒரு கனெக்டரைத் தொட்டுவிட்டார். தொட்டது வெளிப்பக்கம்தான். அக்கா கட்டரை எடுத்தார், கேபிளை வெட்டினார், குப்பைத் தொட்டியில் போட்டார்.

"அக்கா, நான் முதலாளி."

"வாழைப்பழத்துக்கு அது தெரியாது பாஸ்."

கிள்ளானில் அக்காவின் சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்தில் விளக்குக்காரன் கருப்பு டேப் சுற்றி வயரை ஒட்டுப் போட்டிருந்தான். அக்கா பட்டுப்புடவையோடு போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். சரியாக முகூர்த்த நேரம். வீடியோக்காரன் அலறினான். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "ஏன், தாலி இருட்டுல ஏறாதா?"

இன்னொரு நாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒருவன் கேபிள் வாங்க வந்தான். சாதாரணக் கனெக்டரும் எங்கள் கனெக்டரும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றில் மற்றது ஏறாது. ஏறக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இவனுக்கு இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு இணைப்பு வேண்டுமாம்.

"தம்பிக்கு கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் அக்கா.

"ஆச்சுக்கா."

"பொண்டாட்டி போன் நம்பர் குடு."

"எதுக்குக்கா?"

"நீ கேபிளை எடுத்துட்டுப் போ. சேதிய நான் அவங்களுக்கு சொல்லிடுறேன்."

வந்தவன் படியில் இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது.

இப்படி விரட்டினால் வியாபாரம் எங்கே இருக்கும்? பாஸ் ஒரு நாள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: "ஒரு யுனிவர்சிட்டி லேப் சேம்பிள் கேட்டிருக்கு. அது தேறுச்சுன்னா வருஷம் பூரா ஆர்டர். இல்லன்னா மேசையத் தூக்கிருவேன். வெளிநாட்டு கேபிளை பெட்டியோட வாங்கி விப்போம்." மேசை போனால் அக்கா போக வேண்டியதுதான். அக்காவுக்கும் அது தெரியும். அந்த வாரம் முழுக்க அவர் யாரையும் மேசையை நெருங்கவே விடவில்லை.

மூவரும் லேபுக்குப் போனோம். பேராசிரியர் நம்ம ஆள், தமிழர். ஒவ்வொரு கேபிளாக மாட்டி மின்கசிவைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். ஒன்றில் மட்டும் கசிவு கொஞ்சம் ஏறி நின்றது.

"பரவால்ல லா அக்கா, லிமிட்டுக்கு உள்ளதான் இருக்கு. ஓகேதான்," என்றார் பேராசிரியர்.

பாஸ் முகத்தில் தீபாவளி. அக்கா அந்தக் கேபிளைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கினார்.

"பாஸ், மறுபடியும் பீசாங் கோரேங்கா?"

"ஐயோ, நான் தொடவே இல்லக்கா! சார்தான் ஓகேன்னு சொல்றாரே, விடுங்க லா!"

அக்கா கைப்பையிலிருந்து கட்டரை எடுத்தார். பாஸ் அவர் கையைப் பிடிப்பதற்குள் கனெக்டர் துண்டாகிவிட்டது. பிளையரால் நெம்பிப் பிரித்தார். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்கில் மெல்லியதாக ஒரு சிவப்புக் கீற்று.

குங்குமம். எங்கள் கம்பெனியில் குங்குமம் வைக்கும் நெற்றி ஒன்றே ஒன்றுதான். வேர்வையில் பொட்டைச் சரிசெய்த விரலோடு அக்காவே தொட்டிருக்கிறார்.

அக்கா அதைப் பேராசிரியர் முகத்துக்கு நேரே நீட்டினார். "என் கைதான் சார். இந்தக் கையால செஞ்சது எதையும் இனி நம்ப முடியாது." மிச்சத்தையும் வரிசையாக வெட்டினார்.

பேராசிரியர் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தார். பிறகு, "இன்னொரு கம்பெனியும் சேம்பிள் தருது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்," என்றார்.

வேனில் நான் கத்தினேன். "சார் ஓகேன்னு சொன்னதை எதுக்குக்கா வெட்டுனீங்க? மேசை போகுது, தெரியுதா?"

"மேசை போனா வேற மேசை வரும். கேபிளைத் தொடுறவன் போனா? ரோட்டைப் பாரு."

மறுநாள் அக்கா ஸ்டிக்கர் பொட்டோடு வந்தார். "வேலை நேரத்துல அம்பாளுக்கு லீவு," என்றார். எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். வெள்ளிக்கிழமை ஒன்றில்கூடக் கசிவு இல்லை. அந்த இன்னொரு கம்பெனி கேபிளும் சுத்தம்தான், விலையும் குறைவு. ஆனாலும் ஆர்டர் எங்களுக்கு வந்தது. பாஸ் காரணம் கேட்டாராம். "அவங்க கேபிள்ல தப்பு இருந்தா எங்கிட்ட யாரு வந்து சொல்லுவா?" என்றாராம் பேராசிரியர். இதை பாஸ் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பக்கத்து மேசைக்காரர்களிடம் எல்லாம் சொன்னார், தானே வெட்டியது போல.

மேசை இன்னும் இருக்கிறது. அக்கா முட்டிவலியால் வேலையை விட்டுக் காப்பாரில் வீட்டோடு இருக்கிறார். நான் அதே வேனில், அதே கோபத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்த லேபில் அவர் செய்த கேபிள்கள் இன்னும் ஓடுகின்றன. போன மாதம் அங்கே படிக்கும் ஒரு பெண் அதைக் காட்டி, "இன்னும் புதுசு மாதிரி இருக்கே அங்கிள், எந்த கம்பெனி செஞ்சது?" என்று கேட்டாள்.

அவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கம்பெனி பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"எங்க அக்கா செஞ்சதும்மா," என்றேன்.