எடை மெஷினில் ஏறியவர்

எவாரிஸ்தோவுக்குத் தன் பலவீனமான இதயத்தின் மேல் கோபமில்லை; நீர் மாத்திரை மேல்தான். காலை எட்டு மணிக்கு அதை விழுங்கினால் மதியம் வரை கழிப்பறைக்கு நடைதான். பத்து மணிக்கோ கடை வாசலில் டோமினோ. சான் பெத்ரோவின் கரும்பாலைத் தெருவில், ஆட்டத்தின் நடுவே எழுந்தவன் தோற்றவன். அவன் கூட்டாளியும் தோற்றவன். ஞாயிற்றுக்கிழமை தெருப் போட்டி வேறு. முப்பது வருஷக் கூட்டாளி நிக்கானோரை நட்டாற்றில் விட அவருக்கு மனசு வரவில்லை.

மருத்துவமனை கொடுத்த மாத்திரைப் பெட்டி, திறந்ததும் நர்ஸ் யுதெல்காவுக்குச் செய்தி அனுப்பும். ஒழுங்காகத் திறந்தார். மாத்திரை மட்டும் கொல்லை வாழையடிக்குப் போனது.

கூடவே கொடுத்த எடை மெஷினும் கோள் சொல்லும் ஜாதி. இரண்டே நாளில் போன் வந்தது.

"ஐயா, நாலு பவுண்டு ஏறியிருக்கு. உடம்புல தண்ணி சேருது. மாத்திரை முழுங்குறீங்களா?"

"பெட்டியைக் கேட்டுப் பாரு, மகளே!"

மறுநாளிலிருந்து தனக்குப் பதில் நிக்கானோரை மெஷினில் ஏற்றினார். இருவருக்கும் ஒரே உடம்பு. போட்டிச் சட்டையைக்கூடத் தையற்காரி ஒருவரை அளந்தே இருவருக்கும் தைத்திருந்தாள்.

"நான் டாக்டர் வாசலையே மிதிச்சதில்ல, பங்காளி," என்று நிக்கானோர் மூச்சு வாங்கினார். "ஆமா, உன் வீட்டுப் படி முன்னாடியும் இவ்வளவு உயரமா?"

"பேசாம ஏறுய்யா."

"ஷூ வேற மழையில சுருங்கிடுச்சு."

மூன்றாம் நாள் மறுபடி போன். "இன்னும் மூணு பவுண்டு! இதுக்கு மேல ஏறினா ஆம்புலன்ஸோட வந்துடுவேன்."

ஆம்புலன்ஸில் ஏறினால் ஞாயிறு போட்டி போச்சு! அன்றே எவாரிஸ்தோ மாத்திரையை நிஜமாகவே விழுங்க ஆரம்பித்தார். ஆனாலும் தன் எடையை நம்பத் தைரியமில்லை. நிக்கானோரையே தொப்பி, பெல்ட், ஷூ எல்லாம் கழற்றச் சொல்லி ஏற்றினார். அப்படியும் ஒரு பவுண்டு கூடியிருந்தது.

"ராத்திரி என்னய்யா தின்னே?"

"எங்கே இறங்குது? ரெண்டு வாய் வாழைக்காய் மசியல்."

சனிக்கிழமை ஆட்டம் சூடு பிடித்திருந்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யுதெல்கா ஒரு புது எடை மெஷினைத் தரையில் வைத்தாள்.

"எழுந்து ஏறுங்க, ஐயா."

எவாரிஸ்தோ எழுந்தார். "தோத்தாச்சு!" என்று மேசை ஆர்ப்பரித்தது. நிக்கானோர் திட்டத் தொடங்கி, இருமலில் பாதியில் நிறுத்தினார்.

யுதெல்கா எண்ணைப் பார்த்தாள். எவாரிஸ்தோவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். வீக்கமே இல்லை.

"பாத்தியா மகளே, உங்க மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு!" என்றார் எவாரிஸ்தோ.

"அப்போ இத்தனை நாளா அதுல ஏறினது யாரு?"

எவாரிஸ்தோ வெட்கத்தோடு கூட்டாளியைப் பார்த்தார். மேசைக்கு அடியில் ஷூ தனியாகக் கிடந்தது; பக்கத்தில் நிக்கானோரின் வெறுங்கால்கள் வீங்கிப் பளபளத்தன. எவாரிஸ்தோவுக்கு முதல்முறையாக நிஜமான பயம் வந்தது.

யுதெல்கா அந்தக் கால்களையே பார்த்தபடி சொன்னாள்: "மெஷின் பொய் சொல்லல, ஐயா. அவரையும் எழுந்திருக்கச் சொல்லுங்க. வண்டி அவருக்குத்தான்."