அய்யாக்கண்ணுவின் கோரிக்கைகள்

"ரெண்டு பேருக்கும் பதில் எழுதிடாத," என்றார் அய்யாக்கண்ணு. "அவசரப்பட்டுத் தலையாட்டுனா எவனும் மதிக்க மாட்டான்."

மேகலா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். கனடாவிலிருந்து ஒரு கடிதம், ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம். இரண்டு பல்கலைக்கழகங்களும் அவளை ஆராய்ச்சிப் படிப்புக்கு அழைத்திருந்தன. கனடா பாதி உதவித்தொகை தருவதாகச் சொன்னது. ஜெர்மனி முழுவதும் தருவதாகச் சொன்னது. ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லாகிக் கிடக்கும் கடல் நத்தைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அப்படி ஒரு சுரங்கத்தில்தான் அய்யாக்கண்ணு லாரி ஓட்டினார். தொழிற்சங்கத் தலைவரும் அவரே. போனஸ் பேச்சுவார்த்தைக்கு அவர் வருகிறார் என்றால் நிர்வாகத்தில் முன்கூட்டியே தலைவலி மாத்திரை வாங்கி வைப்பார்கள்.

"நான் பேசித் தரேன். நான் சொல்றத நீ இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு."

"சரிப்பா."

அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அவருக்கு நிம்மதி. ஏனென்றால் அவர் நோக்கம் வேறு. மனைவி மலர்கொடி இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும்தான். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் போகமாட்டாள். அதுதான் அவருக்குப் பயம். ஆனால் பேச்சுவார்த்தையை முறிப்பது எப்படி என்பது அவருக்குக் கைவந்த கலை. எதிர்த்தரப்பால் விழுங்கவே முடியாத ஒரு கோரிக்கையை வைத்தால் போதும். பழி அவர்கள்மேல் போய்விடும்.

முதலில் கனடா. "முழுசும் குடுத்தாத்தான் வருவேன்னு எழுது."

மறுநாளே முடியாது என்று பதில் வந்துவிட்டதாக மேகலா சொன்னாள். அய்யாக்கண்ணு வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டார்.

"ஜெர்மனியில ப்ரொபசர் யாரு?"

"ஒரு லேடிப்பா."

"வருஷா வருஷம் பொங்கலுக்கு நீ வூட்டுக்கு வரணும். போக வர டிக்கெட் அந்தம்மாதான் போடணும். கேளு."

இரண்டு நாள் கழித்து மேகலா வந்து நின்றாள். "ஒத்துக்கிட்டாங்கப்பா."

"பொங்கல்னா என்னன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. சொன்னேன். நல்ல பண்டிகைன்னாங்க."

அவர் கோரிக்கையின் கனத்தைக் கூட்டினார். "தெனமும் நீ என்கிட்ட அர மணி நேரம் பேசணும். அதுவும் வேல நேரத்துல. சம்பளத்துல புடிக்கக் கூடாது."

அதற்கும் பதில் வந்தது. "முக்கா மணி நேரம்னாலும் பரவால்லயாம்ப்பா."

அய்யாக்கண்ணு சோறு பிசைவதை நிறுத்தினார். கேட்டதற்கு மேல் தரும் நிர்வாகத்தை அவர் பார்த்ததே இல்லை.

சங்க ஆபீசில் செயலாளர் குருமூர்த்தியிடம் யோசனை கேட்டார். "கேட்டதயெல்லாம் குடுக்குறாங்க. என்ன பண்றது?"

"சந்தேகப்படணும் தலைவரே."

"அப்புறம்?"

"கையெழுத்துப் போட்டுரணும்."

குருமூர்த்தி அதோடு விடவில்லை. ஜெர்மனியையே தலைவர் மடக்கிவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். டீக்கடையில் அய்யாக்கண்ணுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இனி அவராகப் பின்வாங்கவும் வழியில்லை.

கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அந்தம்மா நேர்ல வரணும். நம்ம வூட்டுல ஒரு வேள சாப்புட்டுட்டு, என்கிட்ட கேட்டு உன்னக் கூட்டிட்டுப் போவணும். இல்லன்னா அனுப்ப மாட்டேன்."

மேகலா, "எழுதுறேம்ப்பா" என்று எழுந்து போனாள்.

இந்த முறை பதில் வரத் தாமதமானது. அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு மேகலா வந்தாள். "இப்ப வேலை இருக்காம். அடுத்த வருஷம் சுரங்கம் பாக்க வராங்களாம். அப்ப கண்டிப்பா சாப்புடுறாங்களாம். காரம் மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடணுமாம்."

அய்யாக்கண்ணுவிடம் வேறு கோரிக்கை இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் மேகலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள். வழியனுப்பப் பெரம்பலூரிலிருந்து வந்திருந்த தங்கை மகள் தென்றல் மட்டும் அவர் பக்கத்தில் இருந்தாள்.

"எத்தனையோ நிர்வாகத்தப் பாத்துட்டேன் தென்றல்," என்றார். "இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. ஏதாவது ஒண்ணுக்காவது அந்தம்மா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

தென்றல் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட லெட்டரக் காட்டுறதுக்கு முன்னாலயே அவ ஜெர்மனிக்குச் சரின்னு எழுதிப் போட்டுட்டா மாமா. நீங்க கேட்டதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டது அவதான்."