ஒப்புக்கு ஒரு ராஜா

இனி இந்த ஜென்மத்தில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று நான் சபதம் செய்தது ஒரு சனிக்கிழமை காலையில். காரணம், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அது இருப்பது ஜன்னலோர மேசையில். வெளிச்சம், காற்று, தெருவின் வேடிக்கை எல்லாம் அங்கேதான். நான் பூகோள வாத்தியார். கேள்வித்தாள் தயாரிக்கிறேன் என்று சொல்லி அந்த மேசைக்குப் பட்டா வாங்காத குறையாக உட்கார்ந்திருந்தேன். ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுக்க மேசை வேண்டும் என்று என் மனைவி ஒரு வருஷமாகக் கேட்கிறாள். பார்க்கலாம் என்று நானும் ஒரு வருஷமாகச் சொல்கிறேன்.

அன்று டாக்டர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். யாரோ ஒருவன் சாதாரண போனுக்குள் லினக்ஸ் என்கிற முழுக் கம்ப்யூட்டர் அமைப்பையே ஓட்டிக் காட்டுகிறான். கீழே டாக்டரின் குறிப்பு: 'உங்களை மாதிரி மூளைக்காரருக்குத்தான் சார் இதெல்லாம்!' டாக்டர் பொய் சொல்லமாட்டார். 'வலிக்காது' என்பதைத் தவிர.

"இதோ பார். இனிமே என் கம்ப்யூட்டர் என் சட்டைப்பையில!"

"அப்போ மேசை?"

"பந்தயம்! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேள்வித்தாளைப் போன்லயே அடிச்சு, போன்லேர்ந்தே பிரிண்ட் எடுக்கறேன். ஜெயிச்சா ஜன்னல் எனக்கு, கம்ப்யூட்டரை நீ எங்கே வேணா தூக்கிட்டுப் போ. தோத்தா ரெண்டும் உனக்கு!"

"சரிங்க. ஆனா போனோட பூட்டை மட்டும் உடைக்காதீங்க. ரூட்டுன்னு என்னமோ சொல்வாங்களே, அது. அப்புறம் பேங்க் ஆப் மக்கர் பண்ணும். கரண்ட் பில்லை அதுலதான் கட்டறேன்."

போன் என்னுடையது. அதிலிருக்கும் பேங்க் அவளுடையது. ஒப்புக்கொண்டேன். அவளுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

லினக்ஸ் வந்தது. சுவர் அளவு படத்தைத் தபால்தலையில் அச்சடித்த மாதிரி வந்தது. என் விரல் ஒரு பட்டனைத் தொட்டால் அக்கம்பக்கத்துப் பட்டன்கள் எல்லாம் 'கூப்பிட்டீர்களா?' என்று எழுந்து வந்தன. விடுவேனா? ஒரு கீபோர்டை மாட்டினேன். 'நான் யார்?' என்று கேட்பதற்கு அதில் ஒரு கட்டளை உண்டு. ஞானிகள் ஆயுள் முழுக்கத் தேடிய விடை. போன் பட்டென்று சொன்னது: ரூட். அதாவது, ஆக்கவும் அழிக்கவும் சகல அதிகாரமும் படைத்தவன்!

"பூட்டை உடைக்காமலே ராஜா ஆயிட்டேன், வந்து பார்!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். ராஜா, குப்பை வண்டி வந்திருக்கு. அந்த வாளியைக் கொட்டிட்டு வந்துடுங்க."

கொட்டிவிட்டு வந்தேன். ராஜ்ஜியத்தைக் காணோம். ஆள் நகர்ந்ததும் திரை அணைந்து, சும்மா ஓடுகிறதே என்று போன் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. பாலைவனங்கள் வரைக்கும் கேள்வி அடித்திருந்தேன். இப்போது திரை முழுக்கப் பாலைவனம்தான்.

மறுபடி அடித்தேன். மாமியார் போன் செய்தார். "சும்மாதான் கூப்பிட்டேன் மாப்பிள்ளை." பேசி முடிப்பதற்குள் மறுபடியும் பாலைவனம். அதன்பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமித்து, ஞாயிறு மதியம் ஒருவழியாக முடித்தேன். பாக்கி பிரிண்ட் மட்டும்தான்.

மேசைமேல் இருந்த பிரிண்டரின் கேபிளைப் போனில் செருகினேன். 'பிரிண்டர் எதுவும் இல்லை' என்றது லினக்ஸ். கழற்றினேன், ஊதினேன், செருகினேன். இல்லை. கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, இல்லை என்கிறது! நேரே காம்பவுண்டுச் சுவருக்குப் போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"என்ன சார் இது? நான்தான் ராஜாவாச்சே, பிரிண்டர் ஏன் கண்ணுல படமாட்டேங்குது?"

"நீங்க ஒப்புக்குச் சப்பாணி சார். மனசு நோகக்கூடாதுன்னு அது உங்களை ராஜான்னு கூப்பிடும். உள்ளுக்குள்ள நாற்காலியை மாத்திப் போடலாம், சுவத்துக்கு வர்ணம் அடிக்கலாம். வாசலைத் தாண்டி ஒரு துரும்பைத் தொடமுடியாது. பிரிண்டர் வாசலுக்கு வெளியே இருக்கு. நிஜ அதிகாரம் போன்கிட்ட."

"அப்போ என்னதான் வழி?"

"வேர் வரைக்கும் போகணும், அதாவது பூட்டை உடைச்சு நிஜமாவே ரூட் ஆகணும். ஆனா அதுதான் வேணாம்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்களே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டருக்குத் திடீரென்று ஒரு நோயாளி ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில்.

காலையில் கேள்வித்தாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மேசையில் புது விரிப்பு, அளவெடுத்துத் தைத்தது. பக்கத்தில் ஒரு விளக்கு. கம்ப்யூட்டர் எதிரே என் மனைவி.

"பிரிண்டுதானேங்க? எனக்கு அனுப்புங்க."

ஒரு பட்டனைத் தட்டினாள். கேள்வித்தாள் சூடாக வெளியே வந்தது. அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக இந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்திருக்கிறேன்!

"நாளைக்கு வகுப்பு ஆரம்பம்," என்றாள்.

"நாளைக்கேவா? ஆளுங்களை எப்போ சேர்த்தே?"

"போன மாசமே சேர்த்தாச்சு."

எனக்கு எங்கோ இடித்தது. "எல்லாம் அந்த டாக்டரால வந்த வினை. அவர் மட்டும் அந்த வீடியோவை அனுப்பாம இருந்திருந்தா..."

"பாவம், அவரைத் திட்டாதீங்க. நான்தான் அனுப்பச் சொன்னேன். நான் அனுப்பினா நீங்க பார்ப்பீங்களா?"

"அந்த மூளைக்காரர்?"

"அதுவும் நான் சொல்லித்தான் எழுதினார்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ இந்த வீட்டுல நான் யாரு?"

"இதென்ன கேள்வி?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நீங்கதான் ராஜா."

போனும் இதையேதான் சொல்லியிருந்தது.