எதுக்குச் சரின்னேன்?

தோசையைத் தட்டில் போட்டுவிட்டுச் செல்லக்கனி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நேத்து சரின்னீகள்ல? அண்ணன்கிட்ட சொல்லிரட்டா?"

எதற்குச் சரி என்றேன்? சத்தியமாகத் தெரியாது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் என்னுடையது. சீசன் வந்தால் என் கண் போனில், காது போனில், வாய் மட்டும் வீட்டில். மனைவி என்ன சொன்னாலும் அந்த வாய் தானாக 'ம்ம், சரி' என்றுவிடும்.

அவள் அண்ணன் பேர் அடிபட்டதுதான் பயமாக இருந்தது. மச்சான் காளீஸ்வரன் விருதுநகரில் வத்தல் கடை வைத்து மூடியவர். அடுத்து கோழிப்பண்ணை. அதைக் கோழிகளே மூடிவிட்டன. பொங்கலுக்கு வந்தபோது என் மிஷினைத் தடவிக்கொண்டே, "அச்சுத் தொழில் நல்ல தொழில்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கொஞ்சம் பொறு, யோசிப்போம்" என்றேன்.

"சரின்னுட்டு என்ன யோசனை?"

காதில் வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் அது வேறு வெடி. பேச்சுவாக்கில் அவளே விஷயத்தைச் சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். அன்றுமுதல் வீட்டுக்குள் நுழைந்ததும் போனை அணைத்து பீரோவில் வைத்தேன். சாப்பிடும்போது சாப்பாட்டில் மட்டும் மனதை வைக்கச் சொன்ன ஒரு சாமியாரைச் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்த்தவன் நான். இப்போது நிஜமாகவே கவனித்தேன். சாம்பாரில் மாங்காய் கிடந்தது. வருஷக்கணக்காகப் போடுகிறாளாம். மூக்குக் கண்ணாடிகூட மாற்றியிருந்தாள். எப்போது என்று கேட்கத் துணிவில்லை.

மெதுவாகத் தூண்டில் போட்டேன்.

"அந்த விசயத்துக்குச் செலவாகுமோ?"

"ஆகாம இருக்குமா?"

"இடம் வேணுமே?"

"மாடி ரூம் சும்மாதான கெடக்கு."

"ரொம்ப நாளைக்கா?"

"வந்தவுகளைப் போன்னா சொல்ல முடியும்?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

அடுத்த தெருக் கல்யாணம், மோட்டார் ரிப்பேர், பால்காரர் சண்டை என்று அவள் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். துப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரணடைந்தேன்.

"செல்லக்கனி, அன்னைக்கு நீ சொன்னதை நான் கேக்கவே இல்லை. எதுக்குச் சரின்னேன்?"

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எதுக்கும் இல்ல. நான் ஒண்ணும் கேக்கவே இல்ல. காதுல விழுதான்னு பாத்தேன்."

"அப்ப மச்சான்?"

"அண்ணன் லாரி எடுத்து ஆலங்குளத்துல சிமெண்டு லோடு அடிக்காக. இங்கன எதுக்கு வாராக?"

"மாடி ரூம்?"

"சும்மா கெடக்குன்னேன். சும்மாதான கெடக்கு? நீங்களா கேள்வி கேட்டீக. அதுவும் என் மூஞ்சியப் பாத்து. நிறுத்த மனசு வரலை."

பல நாள் கழித்து மூச்சு முழுசாக இறங்கியது. அச்சகம் தப்பியது. கோபம்கூட வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டது உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப நெசமாவே ஒண்ணு கேக்கேன்" என்றாள். "கையில போன் இல்லையே?"

"இல்லை."

"இனி ஞாயித்துக்கிழமை சமையல் நீங்க. கேட்டுச்சா?"

ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. இதுவரை கேட்காமல் கெட்டவன், அன்று கேட்டுக் கெட்டேன்.